டிஸ்லெக்ஸியா மதிப்பீடு: பெற்றோரும் பெரியவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்று வகுப்பாசிரியர் சொன்ன பிறகும், படித்து வேலைக்கும் போய்விட்ட ஒருவர் தனக்கு மட்டும் ஏன் ஒரு பக்கத்தைப் படிக்க இவ்வளவு நேரமாகிறது என்று யோசிக்கத் தொடங்கிய பிறகும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முறையான மதிப்பீடு என்றால் என்ன, அதற்கு எப்படி ஆயத்தமாவது, கையில் வரும் அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது என்பவற்றை இங்கே விளக்கியிருக்கிறோம். தேர்வுச் சலுகைகளுக்கான விதிகள் இடத்துக்கு இடம் மாறுபடும். மதிப்பீட்டின் அடிப்படைகள் எங்கும் ஒன்றே.

டிஸ்லெக்ஸியா என்பது எது?

சொற்களைச் சரியாகவும் தடையின்றியும் வாசிப்பதிலும், எழுத்துப்பிழையின்றி எழுதுவதிலும் நீடித்திருக்கும் சிரமமே டிஸ்லெக்ஸியா. போதிய கற்பித்தல் கிடைத்தும், பார்வையும் செவியும் சரியாக இருந்தும், அறிவுத்திறனில் குறை இல்லாமலும் இந்தச் சிரமம் தொடரும். சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்துகளோடு இணைப்பதில் மூளை எதிர்கொள்ளும் தடையே பெரும்பாலானோரிடம் இதன் அடித்தளமாக இருக்கிறது. சோம்பல், கவனக்குறைவு, வளர்ப்புக் குறை ஆகியவற்றுக்கு இதில் பங்கில்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றன்று. ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1887இல் இப்பெயரைப் பயன்படுத்தினார். 1896இல் ஆங்கிலேய மருத்துவர் பிரிங்கிள் மார்கன், புத்திசாலியான 14 வயதுச் சிறுவன் ஒருவன் வாசிக்க மட்டும் இயலாமல் தவிப்பதை மருத்துவ இதழில் விவரித்தார். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு இதைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்னும் பிரிவில் வாசிப்பு சார்ந்த வகையாகச் சேர்த்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 என்னும் நோய்ப் பட்டியலும் ஏறத்தாழ அதே வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது. ஆகவே அறிக்கையில் ‘டிஸ்லெக்ஸியா’ என்ற சொல் இல்லாமல் ‘வாசிப்பு சார்ந்த குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் குழம்ப வேண்டாம். தேர்வு நடத்தும் அமைப்பு எந்தச் சொல்லை ஏற்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு, அந்தச் சொல்லையும் அறிக்கையில் சேர்க்கும்படி மதிப்பீட்டாளரிடம் கோரலாம்.

மதிப்பீடு செய்யாமலே பிள்ளைக்கு உதவ முடியாதா?

முடியும், உதவியைத் தொடங்கவும் வேண்டும். ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் படிப்படியாகக் கற்பிக்கும் முறை, டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கும் வேறு காரணத்தால் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கும் பயன்தரும். அறிக்கை வரும்வரை எதுவும் செய்யக்கூடாது என்று எண்ணிக் காத்திருப்பதுதான் பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய இழப்பான காரியம் என்று நாங்கள் கருதுகிறோம்.

அப்படியானால் மதிப்பீடு எதற்கு? சிரமம் வாசிப்பில் மட்டும்தானா, மொழித்திறனிலும் உண்டா, கவனத்திலும் உண்டா என்பதை வீட்டிலிருந்து பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. எந்த இடத்தில் தடை என்பது தெரிந்தால் கற்பித்தலை அந்த இடத்தில் குவிக்கலாம். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைப் பெற எழுத்துபூர்வமான சான்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கணக்கில் ‘படிக்க மாட்டேன் என்கிறான்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, தன் சிரமத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிவதே பெரிய ஆறுதல்.

எந்த வயதில் அழைத்துச் செல்வது?

முறையாக எழுத்துகளைக் கற்கத் தொடங்கி ஓரிரண்டு ஆண்டுகள் ஆன பிறகு, அதாவது ஏழு அல்லது எட்டு வயதளவில், மதிப்பீட்டின் முடிவுகளை ஓரளவு உறுதியாக நம்பலாம். அதற்கு முன் செய்யப்படுவது பெரும்பாலும் ஆபத்துக் குறிகளைக் கண்டறியும் முன்சோதனை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா என்று உறுதிப்படச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வயதிலேயே ஒலிகளைப் பிரிக்கவும் எழுத்துகளின் பெயரை நினைவில் வைக்கவும் மிகவும் சிரமப்படும் பிள்ளையை அடையாளம் கண்டு கூடுதல் பயிற்சி தர முடியும்.

‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்ற அறிவுரையை எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் உதவி பெறும் பிள்ளைக்கும், பத்து வயதுக்குப் பின் உதவி பெறும் பிள்ளைக்கும் இடையே, வாசிப்புத் திறனில் மட்டுமன்றித் தன்னைப் பற்றிய எண்ணத்திலும் பெரும் வேறுபாடு ஏற்பட்டுவிடுகிறது. மேல் வயது வரம்பு எதுவும் கிடையாது.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

பள்ளிக்கு முந்தைய வயதில் பேச்சு தாமதமாக வருவது, எதுகை மோனையுள்ள சிறுவர் பாடல்களில் ஒத்த ஒலியைக் கண்டுபிடிக்க இயலாமை, தெரிந்த பொருளின் பெயர் வாய்க்கு வராமல் ‘அது, அந்தது’ என்று தடுமாறுவது ஆகியவை தென்படலாம். பள்ளி வயதில், ஒரே சொல்லை மேல்வரியில் வாசித்துவிட்டு அடுத்த வரியில் அடையாளம் காணாமல் நிற்பது, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துச் சொல்வது, வாய்மொழியாகச் சிறப்பாகப் பதில் சொல்லும் பிள்ளை எழுத்தில் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வது ஆகியவற்றைக் கவனியுங்கள். வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி வருவதும், வகுப்பில் கோமாளித்தனம் செய்து பாடத்திலிருந்து தப்பிப்பதும்கூட அறிகுறிகளாக இருக்கலாம்.

குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்தச் சிரமம் இருந்ததா என்பதும் முக்கியம். பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு வாசிப்புக் குறைபாடு இருந்தால் ஒரு பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4 முதல் 8 மடங்கு அதிகம் என்று டி.எஸ்.எம்.-5 குறிப்பிடுகிறது.

எழுத்துகளைத் தலைகீழாகவோ இடவலமாகவோ மாற்றி எழுதினால் டிஸ்லெக்ஸியாதானே?

அது மட்டும் அடையாளமாகாது. எழுதக் கற்கும் பிள்ளைகள் பலர் ஏழு வயதளவு வரை இப்படி எழுதுவது இயல்பு. டிஸ்லெக்ஸியா உள்ளவர்களில் பலர் ஒருபோதும் அப்படி எழுதுவதில்லை.

முதலில் கண், காது மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

ஆம், அந்த இரண்டையும் முடித்துவிட்டுச் செல்லுங்கள். நடுச்செவியில் அடிக்கடி நீர் கோத்து வரும் பிள்ளைகளுக்குக் கேட்கும் திறன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒலிகளைப் பிரித்தறியக் கற்கும் வயதில் இது வாசிப்பைப் பாதிக்கலாம். பார்வைக் குறைபாட்டை மூக்குக்கண்ணாடி சரிசெய்துவிடும். ஆனால் பார்வையைச் சரிசெய்தால் டிஸ்லெக்ஸியா நீங்கிவிடாது. நிறக்கண்ணாடி வில்லைகள், கண் பயிற்சிகள் ஆகியவற்றால் டிஸ்லெக்ஸியாவைக் குணப்படுத்தலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்தன. அவற்றுக்குச் செலவழிக்கும் பணத்தையும் நேரத்தையும் கற்பித்தலுக்குச் செலவிடுங்கள்.

யார் மதிப்பீடு செய்யலாம்? இணையத்தில் உள்ள சோதனைகள் போதுமா?

கல்வி உளவியலாளர்களும் மருத்துவ உளவியலாளர்களும் பெரும்பாலும் முழு மதிப்பீட்டைச் செய்கிறார்கள். தகுந்த பயிற்சி பெற்ற சிறப்புக் கல்வியாளர்கள் வாசிப்பு, எழுத்துத் திறன்களைச் சோதிக்கிறார்கள். பேச்சு மொழிச் சிகிச்சையாளர் மொழித்திறனைப் பார்க்கிறார். இவர்கள் கூடி ஒரு குழுவாக மதிப்பிடுவது மிக நல்லது. நேரம் குறிப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள்: உங்கள் தகுதிச் சான்று என்ன, இந்த வயதுப் பிள்ளைகளை அடிக்கடி மதிப்பிடுகிறீர்களா, எந்தெந்த மொழிகளில் சோதிப்பீர்கள், அறிக்கை எப்போது கிடைக்கும், கிடைத்த பின் அதை விளக்கத் தனியாக நேரம் தருவீர்களா? அறிக்கையைத் தேர்வுச் சலுகைக்குப் பயன்படுத்துவதாக இருந்தால், யாருடைய கையொப்பத்தை ஏற்பார்கள் என்று தேர்வு நடத்தும் அமைப்பிடம் முதலில் கேட்டுவிடுங்கள். பணம் கட்டி அறிக்கை வாங்கிய பின் அது செல்லாது என்று தெரியவரும் வேதனை உங்களுக்கு வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் கேள்விப் பட்டியல்கள், மேலும் விசாரிக்க வேண்டுமா என்று முடிவெடுக்க உதவலாம். பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் எதையும் நோயறிதலாகக் கொள்ள முடியாது. சில வார வகுப்புகளில் ‘முழுமையாகக் குணப்படுத்துகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் இடத்திலேயே மதிப்பீட்டையும் செய்துகொள்ள வேண்டாம். சோதிப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே தூரம் இருப்பது நல்லது.

மதிப்பீட்டுக்குச் செல்லும்போது என்னென்ன எடுத்துச் செல்வது?

பள்ளி முன்னேற்ற அறிக்கைகள், திருத்தப்படாத பழைய நோட்டுப் புத்தகங்கள், ஆசிரியர் எழுதித் தந்த குறிப்பு, கண் மற்றும் செவிப் பரிசோதனை முடிவுகள், முன்பு ஏதேனும் சிறப்பு வகுப்பு நடந்திருந்தால் அதன் விவரம் ஆகியவை வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குத் தனி மதிப்பு உண்டு: குறிவைத்துக் கற்பித்தும் குறைந்தது ஆறு மாதங்களாகச் சிரமம் தொடர்கிறதா என்பதை டி.எஸ்.எம்.-5 ஓர் அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. நோட்டுப் புத்தகங்களை அழகாக இருப்பதாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிள்ளை தானாக, யார் உதவியும் இல்லாமல் எழுதிய பக்கங்களே மதிப்பீட்டாளருக்குத் தேவை.

சோதனைக்குப் பயிற்சி தராதீர்கள். எந்தச் சோதனை என்று கேட்டறிந்து அதன் வினாக்களைத் தேடிப் பழக்கிவிட்டால், வரும் மதிப்பெண் பிள்ளையின் உண்மை நிலையைக் காட்டாது. உதவி தேவைப்படும் பிள்ளைக்கு உதவி கிடைக்காமல் போகும்.

அந்த நாளில் என்ன நடக்கும்?

முதலில் பெற்றோருடன் நீண்ட உரையாடல். கர்ப்ப காலம், பிறப்பு, பேச்சு வந்த வயது, வீட்டில் பேசும் மொழி, பள்ளி மாற்றங்கள், குடும்பத்தில் யாருக்கேனும் இதே சிரமம் என எல்லாவற்றையும் கேட்பார்கள். தந்தை தன் பள்ளி நாள்களை நினைவுகூர்ந்து, ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று முதன்முறையாகச் சொல்வது இந்த உரையாடலில்தான் அடிக்கடி நிகழ்கிறது. கூச்சப்படாமல் சொல்லுங்கள், அது மதிப்பீட்டுக்கு உதவும் தகவல்.

பிறகு பிள்ளையுடன் தனியாகச் சோதனைகள். மொத்தத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகலாம். சிறு பிள்ளைகளுக்கு இதை இரண்டு நாள்களாகப் பிரித்துச் செய்வது நல்லது. தனிச்சொற்களைப் பட்டியலாகத் தந்து வாசிக்கச் சொல்வார்கள். வாக்கியத்தில் வாசிக்கும்போது பொருளைக் கொண்டு ஊகித்துவிடலாம் என்பதால்தான் தனிச்சொற்கள். அடுத்து, மொழியில் இல்லாத கற்பனைச் சொற்களை வாசிக்கச் சொல்வார்கள். ‘மெகுடல்’, ‘பிசோணை’ என்பன போன்றவை. பார்த்துப் பழகிய சொற்களை உருவமாக மனப்பாடம் செய்துவிட்ட பிள்ளைகூட இங்கே தடுமாறும் என்பதால், எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் உண்மையில் எந்த அளவில் இருக்கிறது என்பது இந்தச் சோதனையில் வெளிப்பட்டுவிடும். ஒரு பத்தியைக் குறித்த நேரத்தில் வாசித்தல், பொருள் சொல்லுதல், சொல்லச்சொல்ல எழுதுதல், தானாகச் சில வரிகள் எழுதுதல் ஆகியவையும் உண்டு.

அத்துடன் வாசிப்புக்கு அடியில் இருக்கும் திறன்களையும் பார்ப்பார்கள். ‘மரம் என்பதில் முதல் ஒலியை நீக்கினால் என்ன?’ என்பது போன்ற வினாக்கள் ஒலிகளைக் கையாளும் திறனை அளக்கின்றன. நிறங்கள், எண்கள், எழுத்துகள் வரிசையாக அச்சிட்ட அட்டையைக் காட்டி எவ்வளவு விரைவாகப் பெயர் சொல்ல முடிகிறது என்று பார்ப்பது இன்னொன்று. கேட்ட எண்களைத் திருப்பி, பின்னிருந்து முன்னாகச் சொல்லச் செய்வது, கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டே கையாளும் செயல்படு நினைவை அளக்கிறது. கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனைச் சோதிப்பதையும் நல்ல மதிப்பீட்டாளர் தவறவிடமாட்டார். கேட்டால் நன்றாகப் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்ற முடிவு மிகவும் தெளிவான தடயம்.

பிள்ளைக்குக் காய்ச்சலோ தூக்கக் குறைவோ இருந்தால் தயங்காமல் நாளை மாற்றுங்கள். மூக்குக்கண்ணாடி, செவிக்கருவி, வழக்கமாக எடுக்கும் மருந்து எதையும் அன்றைக்கு விட்டுவிடக்கூடாது.

வாசிப்புச் சிரமத்துக்கு நுண்ணறிவுச் சோதனை எதற்கு?

நுண்ணறிவு எண்ணுக்கும் வாசிப்பு மதிப்பெண்ணுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால்தான் டிஸ்லெக்ஸியா என்று பல்லாண்டுகளாகக் கருதிவந்தார்கள். இன்றைய வரையறைகள் அந்த இடைவெளியைக் கேட்பதில்லை. ஒலிகளைக் கையாள்வதில் உள்ள சிரமமும், அதற்கு ஏற்ற கற்பித்தலும், நுண்ணறிவு எண் அதிகமாக உள்ள பிள்ளைக்கும் சராசரியாக உள்ள பிள்ளைக்கும் ஒன்றாகவே இருக்கின்றன என்பது ஆய்வுகளில் தெளிவானதே அதற்குக் காரணம்.

ஆனாலும் வெக்ஸ்லர் அளவுகோல் போன்ற சோதனைகளைப் பல மதிப்பீட்டாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஒட்டுமொத்த அறிவுவளர்ச்சிக் குறைபாடு இல்லை என்று உறுதிசெய்யவும், சொல்வளம், தருக்கம், நினைவு, வேகம் ஆகியவற்றில் பிள்ளையின் பலம் எங்கே இருக்கிறது என்று அறியவும் அவை உதவுகின்றன. அறிக்கை வந்தவுடன் அந்த ஒற்றை எண்ணைத் தேடி, அதை உறவினர்களிடம் சொல்லிப் பெருமைப்படவோ வருந்தவோ வேண்டாம். உட்பிரிவுகளுக்கிடையே மதிப்பெண்கள் மிகவும் ஏறி இறங்கும்போது மொத்த எண்ணுக்குப் பொருள் குறைவு.

எங்கள் பிள்ளை தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறான். எந்த மொழியில் மதிப்பிட வேண்டும்?

இயன்றவரை இரண்டிலும். ஆங்கிலத்தில் மட்டும் பின்தங்கி, தமிழில் வயதுக்கேற்றபடி தடையின்றி வாசிக்கும் பிள்ளைக்கு, ஆங்கிலப் பழக்கம் போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இரண்டு மொழிகளிலும் கற்கப் போதிய வாய்ப்புக் கிடைத்தும் இரண்டிலும் தடுமாறும்போதுதான் டிஸ்லெக்ஸியா என்ற ஐயம் வலுக்கிறது.

ஆனால் அந்தத் தடுமாற்றம் இரு மொழிகளிலும் ஒரே தோற்றத்தில் வருவதில்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள். ஆகவே அங்கே தவறாக வாசிப்பது முதலில் கண்ணில் படுகிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஒழுங்காக உள்ள மொழிகளில், டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகள் நாளடைவில் சரியாகவே வாசித்துவிடுகிறார்கள். ஆனால் மிக மெதுவாக, எழுத்தெழுத்தாக வாசிக்கிறார்கள். தமிழும் பெரிதும் இந்த வகையைச் சேர்ந்தது. ‘தமிழில் பிழையில்லாமல் வாசிக்கிறான், ஆகவே பிரச்சினை இல்லை’ என்று முடிவுகட்டுவதற்கு முன், எவ்வளவு நேரத்தில் வாசிக்கிறான் என்று பாருங்கள்.

தமிழ் எழுத்துக்கே உரிய சுமைகளும் உண்டு. கற்க வேண்டிய எழுத்து வடிவங்கள் 247. ‘கெ’, ‘கே’, ‘கை’ என்பவற்றில் மெய்க்குப் பின் ஒலிக்கும் உயிரின் குறி மெய்க்கு முன்னால் எழுதப்படுகிறது; ‘கொ’ என்பதில் அது இருபுறமும் நிற்கிறது. வல்லின எழுத்து சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது: ‘கல்’ என்பதில் ஒருவிதம், ‘தங்கம்’ என்பதில் ஒருவிதம், ‘பகல்’ என்பதில் இன்னொருவிதம். விகுதிகள் சேரச் சேரச் சொற்கள் நீள்கின்றன. இவை போதாதென்று, பிள்ளை வீட்டில் ‘போயிட்டிருக்கேன்’ என்று பேசுவதைப் பாடநூலில் ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று வாசிக்க வேண்டும். பேச்சு வழக்கைக் கொண்டு ஊகிக்கும் வழி அங்கே அடைபட்டுவிடுகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ல, ள, ழ மயக்கமும், ன, ண மயக்கமும், ர, ற மயக்கமும் பேச்சில் அந்த ஒலிகள் வேறுபடாத எல்லோருக்கும் வருவன. அவற்றை மட்டும் வைத்து டிஸ்லெக்ஸியா என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். சொல்லின் நடுவில் எழுத்தையே விட்டுவிடுவது, வரிசையை மாற்றுவது, ஒலிக்குத் தொடர்பில்லாத எழுத்தை இடுவது ஆகியவை வேறு வகைப் பிழைகள். மதிப்பீட்டாளர் இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓர் ஆங்கிலச் சோதனையை அப்படியே மொழிபெயர்த்து நடத்திவிட்டு, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருவது செல்லாது. அந்தந்த மொழிப் பிள்ளைகளிடம் நடத்தி உருவாக்கிய ஒப்பீட்டு அளவு இல்லாதபோது, மதிப்பீட்டாளர் பிழைகளின் தன்மையையும் வேகத்தையும் விவரித்து எழுதுவதே நேர்மையான வழி.

அறிக்கையில் உள்ள மதிப்பெண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

பெரும்பாலான சோதனைகளில் தரப்படுத்திய மதிப்பெண்ணின் சராசரி 100, திட்ட விலக்கம் 15. அதாவது, ஒரே வயதுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 85க்கும் 115க்கும் இடையே இருப்பார்கள். சதமானம் என்பது வரிசையில் இடம். 85 என்ற மதிப்பெண் ஏறத்தாழ 16ஆம் சதமானம். நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் கீழிருந்து பதினாறாவது இடம் என்று பொருள். நூற்றுக்குப் பதினாறு வினாக்களுக்கு மட்டும் சரியாகப் பதிலளித்தான் என்று பெற்றோர் இதைப் புரிந்துகொண்டு கலங்குவதைப் பலமுறை பார்க்கிறோம்.

எடுத்துக்காட்டாக, பத்து வயதுப் பிள்ளை ஒருத்தியின் அறிக்கையில் சொல்வளம் 110, கேட்டுப் புரிதல் 112, தனிச்சொல் வாசிப்பு 82, கற்பனைச் சொல் வாசிப்பு 76, ஒலிகளைக் கையாளுதல் 79, வாசித்துப் புரிதல் 96 என்று இருப்பதாகக் கொள்வோம். சொல்வளமும் கேட்டுப் புரிதலும் நன்றாக உள்ளன. ஆக, மொழியில் குறையில்லை. கற்பனைச் சொற்களில்தான் மிகவும் தடுமாறுகிறாள், ஒலிகளைக் கையாள்வதும் குறைவு. வாசித்துப் புரிதல் சராசரியில் இருப்பது, அவள் தன் அறிவைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பிக்கொள்வதைக் காட்டுகிறது. இப்படிப்பட்ட பிள்ளையைத்தான் ‘புரிந்துதான் படிக்கிறாள், கொஞ்சம் கவனம் வைத்தால் போதும்’ என்று பள்ளி அனுப்பிவிடும்.

எந்த எண்ணும் கல்லில் வெட்டியதன்று. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் இருபுறமும் ஓர் இடைவெளி தரப்பட்டிருக்கும். 82 என்பது உண்மையில் 77க்கும் 87க்கும் இடையே எங்கோ இருக்கலாம். டி.எஸ்.எம்.-5 மதிப்பெண் 78 அல்லது அதற்குக் கீழ், அதாவது ஏறத்தாழ 7ஆம் சதமானத்துக்குக் கீழ் இருப்பதை மிக உறுதியான எல்லையாகச் சொல்கிறது. ஆனால் மற்ற ஆதாரங்கள் வலுவாக இருந்தால் எல்லையைத் தளர்த்தவும் இடமளிக்கிறது. 78 வாங்கிய பிள்ளைக்கு உண்டு, 80 வாங்கிய பிள்ளைக்கு இல்லை என்று கத்தரிக்கோல் போட்டு வெட்டுபவர் நல்ல மதிப்பீட்டாளர் அல்லர்.

நல்ல அறிக்கை எப்படி இருக்கும்?

சோதனைகளின் பெயர், தேதி, மதிப்பெண், அவற்றின் விளக்கம், தெளிவான முடிவு, மதிப்பீட்டாளரின் தகுதியும் கையொப்பமும் இருக்க வேண்டும். ஆனால் நாங்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது கடைசிப் பக்கங்களை. ‘சிறப்புக் கல்வி தேவை’ என்ற ஒற்றை வரியோடு முடியும் அறிக்கையால் ஆசிரியருக்கு எந்தப் பயனுமில்லை. வாரத்துக்கு எத்தனை முறை, எந்தத் திறனில் தொடங்கி, எப்படிப்பட்ட முறையில் கற்பிக்க வேண்டும். வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லலாமா. கரும்பலகையிலிருந்து எழுதுவதற்குப் பதில் அச்சுப்பிரதி தரலாமா. தேர்வில் எவ்வளவு கூடுதல் நேரம் வேண்டும், வாசித்துக் காட்டுபவரோ எழுதித் தருபவரோ தேவையா என்பவை அந்தப் பிள்ளையின் மதிப்பெண்களோடு தொடர்புபடுத்தி எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். விளக்கம் கேட்பது உங்கள் உரிமை.

கவனச் சிதறலும் இருக்கிறதே?

இரண்டும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். கவனக்குறைவு மிகைச்செயல்பாடு என்னும் ஏ.டி.எச்.டி., கணிதக் கற்றல் குறைபாடு, மொழி வளர்ச்சிக் குறைபாடு, கையெழுத்துச் சிரமம் ஆகியவை டிஸ்லெக்ஸியாவோடு அடிக்கடி சேர்ந்து காணப்படுகின்றன. பதற்றமும் மனச்சோர்வும் காலப்போக்கில் வந்து சேரலாம். வாசிக்கும்போது மட்டும் கவனம் சிதறுகிறதா, விளையாட்டிலும் உரையாடலிலும்கூடச் சிதறுகிறதா என்று கவனித்து மதிப்பீட்டாளரிடம் சொல்லுங்கள்.

‘டிஸ்லெக்ஸியா இல்லை’ என்று முடிவு வந்தால்?

சிரமமே இல்லை என்று அதற்குப் பொருளில்லை. அப்படியானால் இந்தச் சிரமம் எதனால் வருகிறது, இப்போது என்ன செய்யலாம் என்று மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள். அதற்கும் அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். முடிவில் நம்பிக்கை இல்லையென்றால் வேறொருவரிடம் கருத்துக் கேட்கலாம். ஆனால் அதே சோதனைகளைச் சில மாதங்களுக்குள் மீண்டும் நடத்தினால், பழகிப்போனதாலேயே மதிப்பெண் கூடிவிடும்; ஆகவே முதல் அறிக்கையை மறைக்காமல் அடுத்தவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்கள் இப்போது மதிப்பீடு செய்துகொள்வதால் என்ன பயன்?

தொழில்முறைத் தேர்வுகளில் கூடுதல் நேரம், பணியிடத்தில் எழுத்துப் பணிகளுக்கு உதவி, எழுத்தை ஒலியாக வாசித்துக்காட்டும் மென்பொருளைத் தயக்கமின்றிப் பயன்படுத்துதல் ஆகியவை நேரடிப் பயன்கள். அதைவிட, ‘நான் முட்டாள்’ என்று முப்பது ஆண்டுகளாக மனத்தில் சுமந்ததை இறக்கிவைக்க முடிகிறது. சிலருக்கு முதலில் வருவது நிம்மதி. சிலருக்குக் கோபமும் துக்கமும், சின்ன வயதிலேயே ஒருவர் இதைக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று. இரண்டுமே இயல்பானவை.

பெரியவர்களை மதிப்பிடுவது ஒரு வகையில் கடினம். பல ஆண்டுகளாக மாற்று வழிகளைக் கண்டுபிடித்துப் பழகியிருப்பதால், நேரக் கட்டுப்பாடு இல்லாத வாசிப்புச் சோதனையில் சராசரி மதிப்பெண் வந்துவிடலாம். ஆகவே நேரம் குறித்த வாசிப்பு, கற்பனைச் சொற்கள், எழுத்துக்கூட்டல், விரைவாகப் பெயர் சொல்லுதல் ஆகியவை முக்கியம். சிறுவயதுச் சான்றுகளும் தேவை: பழைய மதிப்பெண் பட்டியல்கள், ஆசிரியர் குறிப்புகள், பெற்றோர் அல்லது மூத்த உடன்பிறந்தவரின் நினைவுகள். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, ஆவணங்களுள்ள கற்றல் சிரம வரலாற்றைத் தரப்படுத்திய சோதனைக்கு மாற்றாகக் கொள்ளவும் டி.எஸ்.எம்.-5 அனுமதிக்கிறது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இதுவரை நன்றாக வாசித்துவந்த ஒருவருக்குத் திடீரென வாசிக்க முடியாமல் போனால், அது டிஸ்லெக்ஸியா மதிப்பீட்டுக்கான விஷயமன்று. பக்கவாதம் போன்றவை காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிள்ளையிடம் என்ன சொல்லி அழைத்துச் செல்வது?

உண்மையை, எளிமையாக. ‘நீ எவ்வளவு முயற்சி செய்கிறாய் என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியும். வாசிக்கும்போது எது உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, எது சுலபமாக இருக்கிறது என்று ஒருவர் பார்த்துச் சொல்வார். சில கேள்விகள் கஷ்டமாக இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். இதில் பாஸ், ஃபெயில் கிடையாது’ என்று சொல்லலாம். ஊசி போட மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்கு முதலில் வரும் பயம் அதுதான். முடிவு வந்த பிறகும் மறைக்க வேண்டாம். பெற்றோர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதைப் பார்க்கும் பிள்ளை, தனக்குச் சொல்லக்கூடாத ஏதோ கெட்டது நடந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும்.

நேரம் கிடைக்கப் பல மாதங்கள் ஆகும் என்கிறார்கள். அதுவரை?

நாள்தோறும் பதினைந்து நிமிடம், ஒலியும் எழுத்தும் இணைந்த பயிற்சி. முன்பு கற்றதை மீண்டும் தொட்டு, புதிதாக ஒன்றைச் சேர்த்து, அந்த எழுத்துகளே வரும் சொற்களை வாசிக்கவும் எழுதவும் வையுங்கள். பிள்ளையின் அறிவுப் பசிக்கு ஏற்ற புத்தகங்களை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், ஒலிநூல்களைக் கேட்கச் செய்யுங்கள். வாசிப்பு வேகம் குறைவாக இருப்பதால் சொல்வளமும் உலக அறிவும் பின்தங்கிவிடக்கூடாது. செய்த பயிற்சியையும் அதில் கண்ட மாற்றத்தையும் தேதியோடு குறித்து வையுங்கள். மதிப்பீட்டாளரிடம் செல்லும்போது அந்தக் குறிப்புகளே வலுவான ஆவணமாகும்.

மறுமதிப்பீடு எப்போது தேவை?

டிஸ்லெக்ஸியா வாழ்நாள் முழுவதும் இருப்பது. அது இருக்கிறதா என்று மீண்டும் மீண்டும் சோதிக்கத் தேவையில்லை. தேவைகள்தாம் மாறுகின்றன. கற்பித்தல் பலன் தருகிறதா என்று பார்க்கச் சில மாதங்களுக்கு ஒருமுறை சிறப்பு ஆசிரியர் எடுக்கும் சிறு வாசிப்புச் சோதனை போதும். பள்ளி மாறும்போதும், பொதுத்தேர்வுக்கு முன்பும், உயர்கல்வியில் சேரும்போதும் புதிய அறிக்கை கேட்கப்படலாம். எத்தனை ஆண்டுகளுக்குள் எடுத்த அறிக்கை செல்லும் என்று குறைந்தது ஓராண்டு முன்னதாகவே விசாரியுங்கள். மூல அறிக்கையை யாரிடமும் கொடுத்துவிடாமல், பிரதிகளை மட்டும் கொடுங்கள். பிள்ளை பெரியவனாகி வேறோர் இடத்தில் சான்று கேட்கும்போது, முதன்முதலில் எடுத்த அந்த அறிக்கையே அவனுக்குச் சிறுவயது ஆதாரமாக இருக்கும்.